பாலம் தெரியாத வண்டி

"முடிந்தால் திரும்பவும்" என்றாள் வண்டித் திரைக்குள்ளிருந்து வழி சொல்கிறவள்.

"நடுப்பாலத்துல எங்கடி திரும்புறது?" என்றாள் ஓட்டிக்கொண்டிருந்த கொசு.

திரையைப் பார்த்தால் வண்டி ஆற்றுத் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. பாலம் திறந்து மூன்று வருஷம் ஆகிறது. வண்டியோடு பிறந்த அந்த மேப்புக்கு வயது ஒன்பது. அதற்குப் பாலமும் தெரியாது, பாலம் வந்த பிறகு அக்கரையில் முளைத்த வீடுகளும் தெரியாது. பின்சீட்டுப் பெட்டியில், அக்கரையில் ஒரு தையல்காரரிடம் எடுத்த ரத்தம் இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் அது லேபில் இறங்கியாக வேண்டும். பாலம் முடிகிற இடத்தில் சாலை மூன்றாகப் பிரிந்தது. உள்ளே இருக்கிறவள் இன்னும் ஆற்றிலேயே நீந்திக்கொண்டிருந்ததால் வாயைத் திறக்கவில்லை. கொசு நடுச்சாலையைப் பிடித்தாள். அது அவளை நெடுஞ்சாலையில் கொண்டுபோய்த் தள்ளியது. அடுத்து வண்டி திரும்பும் இடம் பதினோரு கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

லேபில் மேற்பார்வையாளன் கடிகாரத்தைப் பார்த்தான், ரத்தம் இருந்த குழாயைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். சின்ன வயசுக்காரன், மரியாதை தெரிந்தவன், விதி என்று வந்தால் மட்டும் இரும்பு.

"அக்கா, இருபத்திரண்டு நிமிஷம் லேட்டு. பொட்டாசியம் பாக்கற ரத்தம் இது. இவ்வளவு நேரம் கிடந்தா தப்பாத்தான் காட்டும். அத வச்சு டாக்டர் மாத்திரைய மாத்தினா யார் பதில் சொல்றது?"

"தெரியும் தம்பி."

"இந்த மாசத்துல இது ரெண்டாவது. மூணாவது ஆச்சுன்னா உங்கள வெளி ரவுண்டுல போட முடியாது. கீழ்த்தளத்துல உக்காந்து எடுக்கற வேலைதான்."

கீழ்த்தளம் என்றால் ஜன்னல் இல்லாத அறை, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, காலையிலிருந்து சாயங்காலம் வரை நீட்டப்படும் கைகள். கொசு இருபத்தோரு வருஷமாக வீடு வீடாகப் போய் ரத்தம் எடுக்கிறவள். படுக்கையில் கிடப்பவர்கள், நடக்க முடியாதவர்கள், ஊசியைக் கண்டால் மயங்குகிறவர்கள் எல்லாரும் அவள் கணக்கில். முதல் வருஷம் ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார், "கொசு கடிச்சாக்கூட சுருக்குன்னு தெரியும், இவ குத்தினது தெரியவே இல்லயே" என்று சொல்லப்போக, லேபில் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. லேபிலிருந்து வீட்டுக்கு வந்தது. அக்காள் பிள்ளைகளுக்கு இன்று அவள் கொசுச் சித்திதான்.

கையைத் தடவிப் பார்த்தே நரம்பைக் கண்டுபிடிப்பாள். தெருவை மட்டும் கண்டுபிடிக்க வராது. அது அவளுடைய அப்பா வழி. அவள் அப்பாவும் சின்ன அத்தையும் சந்தைக்குப் போய்விட்டு அடுத்த தெருவில் வீட்டைத் தேடியவர்கள். போனில் மேப்பு பார்க்கலாமே என்றால், வண்டி ஓட்டும்போது போன் பைக்குள்தான் இருக்க வேண்டும் என்று லேபில் எழுதி வாங்கியிருக்கிறார்கள். வண்டியில் பொருத்தினது எதுவானாலும் சரி, போன் ஆகாது.

தையல்காரருக்கு அவளே போன் செய்து சொன்னாள். செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் குத்த வேண்டும்.

"மறுபடியுமா?" என்றார் அவர். "ஏம்மா, நான் அம்பது வருஷம் ஊசியால குத்தினதுக்கு எல்லாத் துணியும் சேந்து உன்னை அனுப்பி வச்சிருக்கா?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கொசுவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவருடைய நரம்பு நூலைவிட மெல்லியது. இடது கை முழுக்க ஏற்கெனவே கன்றிப்போய்க் கிடந்தது.

இனி வண்டியின் கதைக்கு வர வேண்டும். அது முதலில் அத்தானுடைய வண்டி. அத்தான் யாரென்றால், கொசுவின் அக்காளைக் கட்டியவர். கொசுவைக் கட்டியவரோ அத்தானுடைய சித்தப்பா மகன். அக்காளும் தங்கையும் ஒரே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டதால், அவளுக்கு அவர் ஒரு பக்கம் அக்காள் புருஷன், இன்னொரு பக்கம் மூத்த மச்சினர். எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் அவர்மேல்தான் இடிக்க வேண்டும். புது வண்டி வாங்கியபோது பழையதை வெளியாளுக்கு விற்க மனசில்லாமல் கொசுவுக்குத் தந்தார். சாவி கை மாறியது, காகிதம் பேர் மாறியது, சொந்தம் மட்டும் அவரிடமே தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து டயரை உதைத்துப் பார்ப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார், அக்காளோடு. கொசு நடந்ததைச் சொன்னாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். எது பழுதானாலும் கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டு என்பதுதான் அவர் கட்சி. "கடையில வழி சொல்ற டப்பா தனியா விக்கிறான், அண்ணே. கண்ணாடியில ஒட்டிக்கிட்டு போயிட்டே இருக்கலாம். புது ரோடெல்லாம் அதுல இருக்கும்" என்றார்.

அத்தானுக்கு முகம் சுண்டிவிட்டது. "கம்பெனிக்காரன் டேஷ்போர்டுக்குள்ளயே வச்சுக் குடுத்திருக்கான். அதுக்கு மேல ஒரு டப்பாவ ஒட்டி, ஒயரத் தொங்கவிட்டு, வண்டிய வாடகைக்கார் மாதிரி ஆக்கணுமா? அப்டேட் பண்ணினா முடிஞ்சுது."

"அப்டேட்டு விலைக்கு அந்த டப்பாவே வாங்கிடலாம், அண்ணே."

"காசு நான் போடுறேன்."

அதற்கு மேல் யார் என்ன பேசுவது? அக்காள் மட்டும் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள்: "அவர் சொல்றதும் சரிதான்டி. உள்ள ஒருத்தி பேசிட்டிருக்கும்போது வெளிய இன்னொருத்தியக் கொண்டுவந்து ஒட்டினா, சக்களத்திச் சண்டைதான் நடக்கும்."

"இருக்கற ஒருத்திக்கு வழி தெரியலயேக்கா" என்றாள் கொசு.

அத்தான் தம் கம்ப்யூட்டரை எடுத்துவந்து உட்கார்ந்தார். கம்பெனி வலைத்தளம் வண்டியின் எண்ணைக் கேட்டது, கொடுத்தார். வண்டிக்குள் ஒரு குறியீடு இருக்கும், அதைக் கொடு என்றது. இரண்டு தடவை கீழே இறங்கிப் போய் எழுதிவந்தார். முதல் தடவை பூஜ்யத்தை ஓ என்று எழுதிவிட்டார். சாப்பாட்டு நேரம் தாண்டி எல்லாம் ஒரு பென் டிரைவில் இறங்கியது. செய்முறையைக் கொசு உரக்கப் படித்தாள்: வண்டியில் செருக வேண்டும், ஒன்றரை மணி நேரம் ஆகும், அதுவரை என்ஜின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது.

"நான் உக்காந்துக்கறேன். நீ போய் வேலையப் பாரு" என்றார் அத்தான்.

அங்கேதான் கொசு தப்புச் செய்தாள். வேறு யாரை வேண்டுமானாலும் உட்கார வைத்திருக்கலாம். சிக்னலில் சிவப்பு விழுந்தால் முதலில் என்ஜினை அணைக்கிறவர் அத்தான். இறக்கத்தில் என்ஜினை நிறுத்திவிட்டு வண்டியை உருட்டிக்கொண்டு வந்தவர். நின்ற வண்டியில் என்ஜின் ஓடினால் அவருக்கு உடம்பெல்லாம் அரிக்கும்; சொந்த ரத்தம் ஒழுகுவதுபோல இருக்கும். இது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் போகவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்துக் கீழே இறங்கிப் போனவள் வாசலிலேயே நின்றாள். என்ஜின் சத்தம் கேட்கவில்லை.

"ஒண்ணுமில்லம்மா" என்றார் அத்தான். "அறுபத்திரண்டு சதவீதத்துல போய் நின்னுக்கிட்டு கால் மணி நேரமா அசையல. பெட்ரோல் வீணா எரியுது. சரி, ஒரு நிமிஷம் அணைச்சுப் போட்டா தெளிஞ்சுடும்னு பாத்தேன். கம்ப்யூட்டர்ல அப்படித்தான செய்றோம்?"

"அணைக்கக் கூடாதுன்னு போட்டிருந்துச்சே அத்தான்."

"ஒரே ஒரு நிமிஷம்தாம்மா."

மறுபடி சாவியைத் திருப்பினார்கள். என்ஜின் ஓடியது. திரை எழுந்திருக்கவில்லை. கறுப்பு முகத்தில் கம்பெனிச் சின்னம் மட்டும் வந்துவந்து மறைந்தது. மேப்போடு ரேடியோவும் போயிற்று, பின்னால் பார்க்கிற கேமராவும் போயிற்று. எல்லாவற்றையும் ஒரே பெட்டிக்குள் கட்டிவைத்திருக்கிறான் புண்ணியவான். தப்பு வழி சொல்லிக்கொண்டிருந்தவள் இப்போது ஒரேயடியாக ஊமை.

கொசுவுக்குக் கத்தித் தீர்க்க வேண்டும்போல இருந்தது. காசு போட்டவர், வண்டி தந்தவர், இரண்டு பக்கத்து உறவு. அவரிடம் எப்படிக் கத்துவது? மாடிக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். கழுவிவைத்த பாத்திரங்களையும் எடுத்துத் தேய்த்தாள். அவள் கணவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"நான் அப்பவே..." என்று ஆரம்பித்தார்.

"இன்னும் ஒரு வார்த்த பேசினீங்கன்னா இந்தக் குக்கர் உங்க மேல வரும்" என்றாள். அவர் வந்த வழியே போய்விட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் ஷோரூமுக்குப் போனாள். சர்வீஸ்காரர் ஏதோ ஒயரைச் செருகினார், உதட்டைப் பிதுக்கினார். பெட்டியையே மாற்ற வேண்டும், வெளியிலிருந்து வர ஆறு வாரம் ஆகும் என்றார். பிறகு பென் டிரைவை வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்தப் பாலம்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

சொன்னாள்.

"இந்த மாடலுக்கு கம்பெனி கடைசியா விட்ட மேப்பு இதுதாங்க. போட்டது நாலு வருஷத்துக்கு முன்னாடி. முழுசா ஏறியிருந்தாலும் உங்க பாலம் இதுல இருந்திருக்காது."

கொசு பென் டிரைவைத் திருப்பி வாங்கினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, அத்தான் காசு, அத்தனை பேர் மூச்சு, எல்லாம் இல்லாத பாலத்துக்காக. "இத விக்கும்போது சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டாள். அவர், அது கம்பெனி வலைத்தளம், நாங்கள் வேறு என்றார்.

சாயங்காலம் கடைக்குப் போய்த் தனிப் பெட்டியை வாங்கினாள். உள்ளங்கை அகலத் திரை, பின்னால் ரப்பர் கிண்ணம், நீளமாக ஒரு ஒயர். வீட்டில் உறையைப் பிரித்துப் பொத்தானை அழுத்தினால், முதல் காரியமாக அதுவும் அப்டேட் கேட்டது. இரண்டு மணி நேரம் ஆகுமாம். கொசு அதைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். கணவர் பக்கத்தில் வந்ததும், "தொடாதீங்க" என்றாள். எண்பது சதவீதத்தில் அதுவும் நின்று யோசித்தது. அவள் மூச்சுக்கூட விடவில்லை. பிறகு தானாகவே நகர்ந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பாலத்தின்மேல் ஏறும்போது திரையில் பாலம் இருந்தது. அக்கரையில் ஒரே மாதிரி வீடுகளுக்கு நடுவே நேராகத் தையல்காரர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது. கொசுவுக்கு நம்பிக்கை வரவில்லை. வீட்டு எண்ணை இரண்டு தடவை படித்துப் பார்த்தாள்.

அவர் வலது கையை நீட்டினார். "இது புதுத் துணி, பாத்துக் குத்து" என்றார்.

ஒரே குத்தில் எடுத்தாள். நேரத்தைக் குழாய்மேல் எழுதினாள். பெட்டியில் வைத்து மூடினாள். இன்னும் இரண்டு வீடு முடித்துக் கிளம்பும்போது நாற்பது நிமிஷம் மிச்சம் இருந்தது. வெயில் ஏறியிருந்தது. பாலத்தின் பாதியில் ரப்பர் கிண்ணம் சூட்டில் பிடிவிட்டு, மேப்புப் பெட்டி டேஷ்போர்டில் ஒரு குட்டிக்கரணம் போட்டு, சீட்டுக்கு அடியில் போய் விழுந்தது.

நிறுத்த இடமில்லை. பின்னால் லாரி. எதிரே அந்த மூன்று சாலை.

"முந்நூறு மீட்டரில் இடதுபுறம் செல்லவும்" என்றது குரல், சீட்டுக்கு அடியிலிருந்து.

"இடது இடதுன்னா எந்த இடதுடி? மூணுல ரெண்டு இடதுபக்கம்தான் இருக்கு."

லாரிக்காரன் ஹாரனை விடாமல் அடித்தான். கொசுவின் கால் பிரேக்கிலும் மனம் கீழ்த்தளத்திலும் இருந்தது. போன தடவை பிடித்தது நடுச்சாலை. அதுவும் லேசாக இடதுபக்கம் வளைந்ததுதான். அது மட்டும் இல்லை என்பது நிச்சயம். ஓரத்து இடதில் திருப்பினாள்.

குரல் சும்மா இருந்தது. அவளுக்கு அந்த அரை நிமிஷம் அரை நாளாகப் போயிற்று. பிறகு காலடியிலிருந்து வந்தது: "நேராகச் செல்லவும்."

அப்படியே, திரையைக் கண்ணால் பார்க்காமல், குனிந்த காதோடு, கிணற்றுக்குள் இருக்கிறவளிடம் வழி கேட்பதுபோலக் கேட்டுக்கேட்டு லேப் வந்து சேர்ந்தாள். பதினாறு நிமிஷம் மிச்சம்.

மேற்பார்வையாளன் குழாயை வாங்கினான், நேரத்தைப் பதிந்தான். "பரவாயில்லயே அக்கா. பாலம் தாண்டி இவ்வளவு சீக்கிரமா யாரும் வந்ததில்ல."

"அப்ப என் ரவுண்டு?"

"உங்க ரவுண்டு உங்களுக்குத்தான். எங்கயும் போகாது." அவன் ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். "அக்கரையில இன்னும் ஏழு வீடு இருக்கு. பைக்கில போற பையன் போக மாட்டேங்கறான், வழி தெரியலயாம். உங்களுக்கு இப்ப வழி தெரிஞ்சுடுச்சு. நாளையிலேந்து அதையும் நீங்களே பாத்துக்குங்க."

கொசு ஏதோ சொல்ல வாயெடுத்தாள். வழி தெரிந்தது எனக்கில்லை, சீட்டுக்கு அடியில் கிடக்கிற ஒருத்திக்கு என்று சொன்னால் தாள் திரும்பிப் போகும். கூடவே ரவுண்டும் போகும். வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

மத்தியானம் முடிவு வந்ததும் தையல்காரருக்கு போன் செய்தாள். அளவு சரியாக இருக்கிறது, டாக்டர் மாத்திரையை மாற்றவில்லை, இனி மூன்று மாசத்துக்கு அவள் வர வேண்டாம்.

"நல்லதும்மா" என்றார். "கோவிச்சுக்காத, உன்னப் பாக்காம இருக்கறது சந்தோஷமாத்தான் இருக்கு."

"எனக்குந்தான்" என்றாள் கொசு. மடித்த தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு, மேப்புப் பெட்டி மறுபடி விழாமல் வலுவாக ஒட்டுகிற பசை எங்கே கிடைக்கும் என்று கணவரிடம் கேட்கப் போனை மறுபடி எடுத்தாள். அவர் குரலில் வரப்போகும் அந்த "நான் அப்பவே"யை இப்போதே கேட்டதுபோல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணை அழுத்தினாள்.