குடைக்காரர் மஹ்ரூஸ் கோட்டை பார்த்த கதை

அலெக்ஸாந்திரியாவோட சிதி பிஷ்ர் கடற்கரையில குடை வாடகைக்கு விட்டவங்க எத்தனையோ பேரு. ஆனா குடையோட சேர்த்து ஊரையும் காட்டுன ஆளு மஹ்ரூஸ் ஒருத்தர்தான். கெய்ரோவுலேருந்தும் டாண்டாவுலேருந்தும் கோடை லீவுக்கு வர்ற குடும்பத்த மணல்ல நிக்க வச்சு, நாற்காலியத் துணியால ரெண்டு தட்டு தட்டி, தொண்டையக் கனைச்சாருன்னா போதும், ரேடியோ நாடகம் ஆரம்பம்.

"அம்மணி, கடலோரக் கோட்டைக்குச் சாயங்காலமா போங்க. காலையில வெயில் மண்டையப் பொளந்துடும். உள்ள நுழைஞ்சதும் வலது கைப் பக்கம் ஒரு இடுக்கு. குனிஞ்சு போகணும். சார் மட்டும் வயித்த உள்ள இழுத்துக்கணும், தப்பா நெனைக்காதீங்க. கடைசியில ஒரு ஜன்னல். அதுல போய் உக்காந்தா, கடல் எந்திரிச்சு வந்து உங்க மடியில உக்காரும். மஹ்ரூஸ் அனுப்புனான்னு சொல்லுங்க!"

யாருகிட்ட சொல்றது, கடல்கிட்டயான்னு ஒருத்தரும் கேட்டதில்ல.

இதுல ஒரே ஒரு வில்லங்கம். மஹ்ரூஸ் அந்தக் கோட்டைக்குள்ள கால் வச்சதே இல்ல. கோட்டைய மட்டுமா? மொண்டாஸா தோட்டத்த வேலிக்கு வெளிய நின்னுதான் பாத்திருக்காரு. பொறந்து வளந்தது அலெக்ஸாந்திரியா. ஆனா கோடை பூரா விடிஞ்சா குடை நடணும், இருட்டுனா பிடுங்கணும். நடுவுல யாரு அவர கோட்டைக்குக் கூட்டிட்டுப் போறது? சாயங்காலம் சுத்திட்டு வந்து நாற்காலியில சாயுறவங்ககிட்ட, "எப்படி இருந்துச்சு?"ன்னு கேப்பாரு. அவங்க சொல்றத அப்படியே வாங்கி, மறுநாள் காலையில அடுத்த குடும்பத்துக்குச் சுடச்சுட ஊத்துவாரு. ஊருக்குள்ளயே இருந்துக்கிட்டு, ஊர வெளியூர்க்காரங்க வாயால பாத்தவரு.

அந்த வெளியூர்க்காரங்கள்ல ஒருத்திதான் இன்ஸாஃப். டாண்டாவுல துணிக்கடை வச்சிருந்தவரோட பொண்ணு. வருஷா வருஷம் தண்ணி ஓரத்துக் குடைதான் வேணும்னு அடம் பிடிக்கும். தேன் தடவுன அப்பளத்தக் கண்ணாடிப் பொட்டியில சுமந்துக்கிட்டு "ஃப்ரெஸ்கா... ஃப்ரெஸ்காஆ"ன்னு போறவன் குரல அச்சு அசலா பண்ணிக் காட்டும். வேற யாரோ போட்டிக்கு வந்துட்டான்னு அவனே திரும்பிப் பாப்பான். மஹ்ரூஸ் விழுந்தது அங்கதான்.

பொண்ணு கேக்கப் போனப்போ துணிக்கடைக்காரர் மீசைய நீவிக்கிட்டு இழுத்தாரு: "கோடையில குடை இருக்கு... சரி. மாரிக்காலத்துல என்னப்பா வச்சிருக்க?"

"ஊரே இருக்கு மாமா! கோட்டை, தோட்டம் எல்லாத்தையும் உங்க பொண்ணுக்கு நானே கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்."

வாக்கு குடுத்தாச்சு. கல்யாணமும் ஆயாச்சு. இன்ஸாஃப் கேக்க ஆரம்பிச்சாங்க. கோடையில கேட்டா வேலை. மாரிக்காலத்துல கேட்டா புயல். அலெக்ஸாந்திரியாவுல ஒவ்வொரு புயலுக்கும் ஒரு பேரு, வர்றதுக்கு ஒரு தேதி. பள்ளிக்கூடம் போகாதவனும் அதுங்கள மனப்பாடமா ஒப்பிப்பான்.

"என்னங்க, இன்னிக்கு கோட்டைக்குப் போலாமா?"

"துடைப்பம் புயல் வர்ற நேரம். ரோட்டையே கூட்டி அள்ளிடும்."

துடைப்பம் போனா காசிம். காசிம் போனா சின்ன வெள்ளம். அதுக்கப்புறம் பெரிய வெள்ளம். ஒவ்வொண்ணையும் சொந்தக்கார மாப்பிள்ளை வர்ற மாதிரி அவ்வளவு மரியாதையா சொல்லுவாரு. உண்மையில அவருக்குப் பயம் புயல்கிட்ட இல்ல. உள்ள போனா வலது எது இடது எதுன்னு முழிப்பாரு, முழிச்சா பொண்டாட்டிக்குத் தெரிஞ்சுபோயிடும். ஊரையே காட்டுன மஹ்ரூஸ் ஊரப் பாத்ததில்லன்னு.

இப்படியே மக ஹுதா பொறந்து, வளந்து, கல்யாணமாகி, மினியாவுக்குப் போயிட்டா. மஹ்ரூஸோட முட்டி ரெண்டும் மணல்ல நடக்க மாட்டேன்னு சொல்லிடுச்சு. "இங்க வந்துடுங்கப்பா, நைல் கரைதான், சமதரை"ன்னு ஹுதா போன்ல அழுதா. குடை எல்லாத்தையும் தம்பி மகன்கிட்ட குடுத்தாச்சு. மறுநாள் காலையில பஸ்.

இன்ஸாஃப் மூட்டை கட்டிக்கிட்டே சொன்னாங்க, நிமிந்துகூட பாக்கல: "கோட்டையக் காட்டாமலே மாப்பிள்ளை என்னக் கூட்டிட்டுப் போறான்னு தெரிஞ்சா எங்கப்பா கபுருக்குழிக்குள்ள எந்திரிச்சு உக்காந்து மீசைய நீவுவாரு."

மஹ்ரூஸ் அவசரமா மனசுக்குள்ள புயல் தேடுனாரு. துடைப்பம் வந்துட்டுப் போயாச்சு. காசிமுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. வானம் பளிச்சுனு கெடக்கு. சாக்கு தீந்துபோச்சு.

"கெளம்பு," என்னாரு.

டிராம்ல போறப்பவே காத்து சன்னலத் தட்டுச்சு. "என்னங்க இது?"ன்னு கேட்டாங்க இன்ஸாஃப்.

"சும்மா காத்து. காசிம் என் ஆயுசுல ஒரு நாள் முந்தி வந்ததில்ல."

கோட்டை முன்னாடி எறங்குனதும் மஹ்ரூஸ் நெஞ்ச நிமித்திக்கிட்டு, தனக்குத் தெரியாத வழியா எடுத்து வச்சாரு நடைய. சுவர ஒட்டியே போனாரு. வாசல் வரும் வரும்னு பாத்தா, வந்தது கடல். சிமெண்டுக் கட்டைங்க மேல தூண்டில் போட்டுக்கிட்டிருந்த ஒருத்தன் திரும்பிப் பாத்தான்.

"எங்க மாமா போறீங்க? இதுக்கு மேல கிரேக்க தேசந்தான். வாசல் அந்தப் பக்கம். வெளியூரா?"

வெளியூரா! எந்த வார்த்தை வரக்கூடாதுன்னு மஹ்ரூஸ் இத்தன வருஷம் புயலுக்குப் பின்னாடி ஒளிஞ்சாரோ, அது பொண்டாட்டி முன்னாடியே வந்து விழுந்துடுச்சு.

"ஆமாம்பா," இன்ஸாஃப்தான் முந்திக்கிட்டாங்க. "டாண்டா. ரெண்டு பேருமே."

சொல்லிட்டு அவரு சட்டைக் கையப் பிடிச்சுத் திருப்புனாங்க. அந்த நேரம் பாத்து மொத துளி விழுந்துச்சு. ரெண்டாவது துளியெல்லாம் இல்ல, நேரா வாளியோட கவுத்த மாதிரி மழை. ஆயுசு பூரா ஊருக்கே குடை பிடிச்ச ஆளு தலைக்கு ஒரு கைக்குட்டைகூட இல்லாம ஓடுனாரு. வாசல்ல காவலாளி கத்துறான்: "காசிம் சீக்கிரமே வந்துட்டான்! உள்ள வாங்க மாமா, அப்புறம் டிக்கெட் பாத்துக்கலாம்!"

உள்ள போனதும் இன்ஸாஃப் ஒரு நொடி யோசிக்கல. வலது கைப் பக்கம் திரும்பி, "குனிஞ்சு வாங்க. வயித்த உள்ள இழுத்துக்கணும், தப்பா நெனைக்காதீங்க,"ன்னாங்க. குரல் அப்படியே மஹ்ரூஸோட குரல்.

இடுக்குக்கு அந்தப் பக்கம் அந்த ஜன்னல். இன்ஸாஃப் அதுல உக்காந்து பக்கத்துல தட்டிக் காட்டுனாங்க.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"மொத வருஷம் அப்பாவோட வந்தேன்ல. சாயங்காலம் நீங்க ‘எப்படி இருந்துச்சு’ன்னு கேட்டீங்க. கடல் எந்திரிச்சு மடியில உக்காருதுன்னு நான்தான் சொன்னேன். மறுநாள் காலையில வந்து பாக்குறேன், பக்கத்துக் குடையில இருந்த அம்மாகிட்ட அதையே நீங்க சொல்லிக்கிட்டிருக்கீங்க. ஏதோ நீங்களே கட்டுன கோட்டை மாதிரி."

"அப்பவே தெரியுமா?"

"அன்னிலேருந்து."

"அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்ட?"

"நீங்க வந்தாத்தானே நான் காட்ட முடியும்? தனியா வந்து யாருக்குக் காட்ட?" சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. "அப்புறம் அடுத்த சாக்கு எந்தப் புயல்னு கேக்கணும்ல."

மஹ்ரூஸ் பதில் சொல்ல வாயத் தெறந்தாரு. ஒரு அலை சுவத்துல மோதி, ஜன்னல் வழியா ஏறி வந்து, ரெண்டு பேரு மடியிலயும் பொத்துனு விழுந்துச்சு. உப்புத் தண்ணியத் துப்பிட்டு, மடியப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. இத்தன கோடை எத்தன பேருக்கோ வித்த வார்த்தை. அது இவ்வளவு ஜில்லுன்னு இருக்கும்னு யாருமே சொல்லல.

திரும்பி வர்றப்போ டிராம்ல நனைஞ்சு நடுங்கிக்கிட்டே மெல்லக் கேட்டாரு: "மொண்டாஸா தோட்டம் எப்படி இருக்கும்?"

வீடு வர்ற வரைக்கும் இன்ஸாஃப் சொல்லிக்கிட்டே வந்தாங்க.

இப்போ மினியாவுல இருக்காங்க. அங்க வானத்துக்கு மேகம்னா என்னன்னே தெரியாது. இருந்தாலும் புயலோட தேதி வந்துட்டா மஹ்ரூஸ் வாசல்ல நின்னு, காத்த மோந்துட்டு, கடல் இல்லாத பக்கமா பாத்துச் சொல்லுவாரு: "இன்னிக்கு துடைப்பம்."

சுள்ளுனு வெயில் அடிச்சுக்கிட்டிருக்கும். இன்ஸாஃப் டீக் கிளாஸ அவரு கையில குடுத்து, பக்கத்துல ஒரு நாற்காலியப் போட்டு, துணியால ரெண்டு தட்டு தட்டுவாங்க.

"அப்போ இன்னிக்கு எங்கயும் போக வேணாம்."