பஞ்சு விழுந்த வலது கண்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங். தைத்து வரும் பனியன்களில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்த்து ஒதுக்க வேண்டும். கண்தான் என் பிழைப்பு.

ஷிப்ட் முடிந்ததும் உடம்பில் ஒட்டிய பஞ்சை ஏர் பைப்பால் ஒருவருக்கொருவர் ஊதிவிட்டுக்கொள்வோம். அன்று பக்கத்து டேபிள் ஈஸ்வரி அக்கா எனக்கு ஊதும்போது, "முகத்துக்கும் அடிங்கக்கா" என்றேன். புத்தி கெட்டவள். வலது கண்ணில் சுருக்கென்றது.

"தேய்க்காத கண்ணு, இரு" என்று அக்கா பனியன் வேஸ்ட் துணியைத் திரித்து, அதன் முனையால் துழாவினார். ஒன்றும் வரவில்லை. அவர் போனதும் ஆசை தீரத் தேய்த்தேன்.

காலையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. தண்ணீராகக் கொட்டியது, ஜன்னல் வெளிச்சம் குத்தியது. கண் போய்விட்டதென்றே பயந்தேன். என் வீட்டுக்காரர் சாத்தூர்க்காரர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். அன்று அவரே அவசரமாக வண்டியை எடுத்தார்.

கண் டாக்டர் ஒரு சொட்டு விட்டார். வலி இருந்த இடம் தெரியவில்லை. பிறகு மஞ்சள் சாயம் தொட்டு வைத்து, நீல விளக்கில் பார்த்தார். கார்னியாவில் (கருவிழிக்கு மேலுள்ள கண்ணாடி போன்ற படலம்) கீறல் இருந்தால் அந்த இடம் பச்சையாகத் தெரியுமாம். மேல் இமையைப் புரட்டி ஒரு நூல் பிசிறை எடுத்தார்.

"இதுதானுங்க, நீங்க இமைக்கறப்பெல்லாம் கீறியிருக்குது. கீறல் மேலாகத்தான் இருக்குது, ரெண்டு மூணு நாள்ல ஆறிரும்."

"பார்வைக்கு ஒண்ணும் ஆகாதே டாக்டர்?"

"ஆகாதுங்க. ஆன்டிபயாடிக் சொட்டு (கிருமி சேராமல் காப்பது) தவறாம விடுங்க. நாளைக்கு வந்து காட்டோணும்."

"முதல்ல விட்டீங்களே, அந்தச் சொட்டையும் குடுங்க."

"அது பரிசோதனைக்கு மட்டுந்தானுங்க. ஊட்டுல விட்டா வலி தெரியாது, கண்ணும் ஆறாது."

நான் பட்டுச் சொல்கிறேன், உங்கள் கண்ணில் ஏதாவது விழுந்தால் சுத்தமான தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். துணியும் வேண்டாம், விரலும் வேண்டாம். உறுத்தல் நிற்காவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

மூன்று நாள் வீட்டில் கிடந்தேன். இமைப்பது என்று ஒன்று நடப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. ஒவ்வொரு இமைப்புக்கும் காத்திருந்து, அது வலிக்காமல் கடந்ததும் அடுத்ததற்குக் காத்திருந்தேன். பொழுது அப்படித்தான் போனது.

டாக்டர் சரி என்ற பிறகு வேலைக்குப் போனேன். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு முதல் பனியனை வெளிச்சத்தில் பிடித்தேன். கைக்குழிக்குப் பக்கத்தில் ஊசி முனையளவு ஓட்டை.

"ஏன் கண்ணு அழுவற, இன்னும் வலிக்குதா?" என்றார் ஈஸ்வரி அக்கா.

"இல்லக்கா, தெரியுது."

துடைக்கக் கை தானாக மேலே போனது. பாதியில் நிறுத்தி, கண்ணீரை அதன் போக்கில் வழியவிட்டேன்.