நாங்கள் ஊரில் இல்லாதபோது எங்கள் வண்டி

பயணம் புறப்படும்போது வண்டியை எங்கே விட்டுச் செல்வது என்ற கேள்வி, இந்நகரில் வண்டி வைத்திருப்போர் எவரையும் ஒருநாள் வந்து சேரும். அக்கேள்விக்கு நான் கண்ட விடை, என் நெடுநாள் நண்பர் ஒருவரை என்னிடமிருந்து பறித்துக்கொள்ளப் பார்த்தது. வண்டிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நண்பரும் நானும் துறைமுகத்தில் ஒரே கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். தம் மூத்த மகளின் திருமணத்திற்கு அழைக்க, மனைவியுடன் தட்டேந்தி அவர் எங்கள் வீட்டிற்கு வந்தார். அழைப்பிதழைப் பிரித்துத் தேதியைப் பார்த்த என் மனைவி, அடுத்து என் முகத்தைப் பார்த்தார். அதே நாளில்தான் திருச்சியில் அவருடைய அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். விமானப் பயணச்சீட்டும் எடுத்தாயிற்று.

"போயிட்டு வாய்யா. மச்சான் விசேஷத்த விட முடியுமா?" என்று நண்பர் சிரித்தார். மின்தூக்கிக் கதவு மூடும் தறுவாயில்தான், "நீ பக்கத்துல நிப்பேன்னு நெனச்சுட்டேன்" என்றார். கதவு மூடிக்கொண்டது.

வண்டியை எங்கள் அடுக்குமாடி வாகன நிறுத்தத்திலேயே விட்டுச் சென்றிருக்கலாம். ஆனால் அந்த மாதம் பார்த்து அங்கே தளந்தோறும் சாயம் பூசும் பணி தொடங்கியது. வண்டியை இன்று இந்தத் தளத்திற்கும் நாளை அந்தத் தளத்திற்கும் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும் என்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். திருச்சியில் இருந்துகொண்டு அதைச் செய்ய இயலாது. விமான நிலையத்தின் சொந்த நிறுத்தத்தில் விடுவதோ, வண்டிக்கும் ஒரு பயணச்சீட்டு எடுப்பதற்கு ஒப்பானது.

"வித்துட்டா இந்தக் கவலையே இல்ல" என்றார் மனைவி. இது எந்தச் சிக்கலுக்கும் அவர் சொல்லும் தீர்வு. ஆகையால் நான் அதற்கு மறுமொழி சொல்வதில்லை.

தேக்கா உணவங்காடியில் எங்களோடு காலைத் தேநீர் அருந்தும் இன்னொரு நண்பர் உண்டு. அவரிடம் இதைச் சொன்னபோது, உடனே மேசையைத் தட்டினார். "என் அக்கா மகன் எடம் வச்சிருக்கான்யா. பாசிர் ரிஸ் தாண்டி, ஏர்போர்ட்டுக்குப் பின்னாடி. வேன்லயே கொண்டுபோய் விட்டுடுவான், திரும்பி வந்து ஏத்திக்குவான். நம்ம பையன்."

நம்ம பையன் என்ற சொல்லுக்கு மேல் நான் எதையும் விசாரிக்கவில்லை. காப்புறுதி உண்டா, உரிமம் உண்டா, இரவில் காவலுக்கு யார் என்றெல்லாம் ஓர் அயலானிடம் கேட்டிருப்பேன். நம்மவரிடம் அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம்மில் ஒரு வழக்கம் இருக்கிறது. அந்த மரியாதையோடு வண்டியை ஓட்டிச் சென்றேன்.

தகர வேலி போட்ட மைதானம். வாயிலில், வண்டிகளுக்கு அவற்றின் உரிமையாளர்களே பொறுப்பு என்று ஒரு பலகை. நம்ம பையனுக்கு முப்பது வயதுக்கு மேலிருக்கும், அடர்ந்த மீசை.

"அங்கிள், சாவி குடுத்துட்டுப் போங்க. வண்டிய முன்ன பின்ன மாத்தணும்லா."

சாவியைக் கொடுக்குமுன், வண்டியைப் பற்றி அவர் அறிய வேண்டியவற்றை விரிவாக எடுத்துரைத்தேன். மரத்தடியில் நிறுத்தலாகாது, மைனாக்களின் எச்சம் வண்ணத்தை அரித்துவிடும். நெடுநாள் அசையாமல் நின்றால் பேட்டரி செத்துவிடும், இடையிடையே இயக்க வேண்டும். சக்கரங்களில் காற்றைக் கவனிக்க வேண்டும். அவர் கைகட்டிக் கேட்டார். "கவலப்படாம போங்க அங்கிள். என் வண்டி மாதிரி பாத்துக்குறேன்."

வேனில் ஏறியதும் மனைவி சொன்னார்: "நம்ம மகளக் கட்டிக்கொடுத்தப்போ மாப்பிள்ளகிட்டகூட நீங்க இவ்வளவு சொல்லல."

அறுபதாம் கல்யாணம் சிறப்பாக நடந்தேறியது. மறுநாள் நண்பரை அழைத்து வாழ்த்துச் சொன்னேன். "நல்லா நடந்துச்சு. வைக்கிறேன்" என்று வைத்துவிட்டார். பெண்ணைப் பெற்றவரின் களைப்பு என்று எண்ணிக்கொண்டேன். அதன்பின் நான் அனுப்பிய செய்திகளுக்கும் படங்களுக்கும் பதிலே இல்லை. திருச்சியில் எஞ்சிய நாள்களில் என் மனம் விருந்தில் இல்லை. நாங்கள் வராதது அவருக்கு இவ்வளவு வலித்திருக்கும் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

திரும்பி வந்தபோது வண்டி பளபளவென்று நின்றது. நாங்கள் விட்டுச் சென்றபோது அது அவ்வளவு அழகாக இல்லை. நான் மகிழ்ந்துகொண்டிருக்கையில், பின்கதவைத் திறந்த மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். முன்னிருக்கைக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் துணிப்பையை இரண்டு விரல்களால் வெளியே இழுத்தார். உள்ளே கறுத்துப்போன வெற்றிலையும், கண் கசிந்து அழுகிய தேங்காயும் இருந்தன. பையின்மேல் மணமக்களின் பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தன. மணமகள் எங்கள் நண்பரின் மகள்.

"என்னங்க," என்றார் மனைவி, குரலை உயர்த்தாமல். "நாம போகாத கல்யாணத்துக்கு நம்ம வண்டி போயிருக்கு. தாம்பூலமும் வாங்கிட்டு வந்திருக்கு."

நம்ம பையன் எதையும் மறைக்கவில்லை. "பேட்டரி செத்துடும்னு நீங்கதானே சொன்னீங்க அங்கிள்? மாமாவுக்கு வேண்டப்பட்ட வீடு, எனக்கும் பத்திரிகை வச்சாங்க. மத்த வண்டியெல்லாம் யார் யாரோடதோ, தொட முடியாதுலா. உங்களுது நம்ம வண்டி."

"எங்கே நிறுத்தினீர்கள்?" என்று கேட்டேன்.

"தேக்காவுல, கோயில் பக்கத்துச் சந்துல, மண்டபத்து வாசலுக்கு நேரா. சிராங்கூன் ரோட்டுல அன்னைக்கு யாருக்கும் எடம் கெடைக்கல அங்கிள். நமக்கு மட்டும் கெடச்சுச்சு" என்றார், என் சார்பிலும் பெருமைப்பட்டு.

நண்பர் ஏன் மூன்றே சொற்களோடு பேச்சை முடித்தார் என்பது அப்போது விளங்கிற்று. வேறு எவராவது ஒருவேளை என் வண்டியை அடையாளம் காணாமல் இருந்திருக்கலாம். இவர் என் வண்டியின் எண்ணை நான்கு எண் லாட்டரிச் சீட்டில் வாரந்தவறாமல் கட்டி வருபவர். ஒருமுறையும் அது விழுந்ததில்லை. வண்டிமேல் அவருக்கு அந்த வருத்தமும் உண்டு. திருச்சிக்குப் போகிறேன் என்று சொன்னவனின் வண்டி, மகளின் திருமணத்தன்று மண்டபத்து வாசலில் நிற்கிறது. வண்டிக்காரன் மட்டும் மேலே ஏறி வரவில்லை. அவர் வேறென்ன எண்ணியிருக்க முடியும்?

நம்பிக்கை என்பது யாது என்று நான் நம்ம பையனுக்கு விளக்கத் தொடங்கினேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தவர், நான் மூச்சு வாங்கிய இடைவெளியில், "பின் டயர்ல காத்து கம்மியா இருந்துச்சு அங்கிள், அடிச்சு வச்சிருக்கேன்" என்றார். சாவியை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் மாலை தோ பாயோவிலுள்ள நண்பரின் வீட்டிற்கு, பழத்தட்டும் மணமக்களுக்கான பரிசுமாகப் புறப்பட்டோம். பேருந்தில்தான் போக வேண்டும் என்று மனைவி உறுதியாக இருந்தார். வண்டி தன் பங்குக்கு ஒருமுறை அவர்களைப் பார்த்து வந்துவிட்டது, அது போதும் என்றார்.

கதவைத் திறந்த நண்பர், "வாங்க, உக்காருங்க" என்றார். என்னை அவர் அப்படி மரியாதையாக அழைத்ததே இல்லை.

"பயணம்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? திருச்சி வரைக்கும் போனீங்களா, இல்ல தேக்காவோட திரும்பிட்டீங்களா?"

நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். என்னுடைய விளக்கங்கள் சற்றே நீளமானவை என்பதை அறிவேன். அவர் குறுக்கிடாமல் கேட்டார்.

"அதாவது, நிறுத்தி வச்ச வண்டி தானா கெளம்பி என் மக கல்யாணத்துக்கு வந்துச்சு."

"தானாக இல்லை. அந்தப் பையன்..."

"சரிங்க. நீங்க சொன்னா சரிதான்."

மனைவி தம் கைப்பேசியில் அறுபதாம் கல்யாணப் படங்களைக் காட்டினார். நண்பர் பார்த்தார். "பக்கத்துல நிக்கிறாரு, சரி. என்னைக்கு நின்னாருன்னு படத்துல இல்லையேம்மா."

இதையெல்லாம் கேட்டபடி சாப்பாட்டு மேசையில் அமர்ந்திருந்த அவருடைய இளைய மகள், தன் கைப்பேசியை எதையோ தேடித் தள்ளிக்கொண்டே இருந்தாள். "அப்பா, இருங்க. மாப்பிள்ள வீட்டுக்காரங்க வந்தப்போ நான் எடுத்தது." படத்தில் மாப்பிள்ளை அழைப்புக் கூட்டத்திற்குப் பின்னால் என் வண்டி. ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருக்கிறது. பட்டு வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாக, அரசவைக்கு எழுந்தருள்வது போல் ஒருவர் இறங்கிக்கொண்டிருக்கிறார். அவள் விரல்களால் படத்தைப் பெரிதாக்கினாள். நண்பர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இவன் நம்ம டீக்கடைக்காரனோட அக்கா மகன்ல?" எங்களோடு தேநீர் அருந்துபவரை அவர் அழைக்கும் பெயர் அது. "கண்ணாடி பிரமாதமா இருக்கே. யாரோடது?"

"என்னுடையது" என்றேன். "வண்டியில் வைத்திருந்தேன்."

முதலில் சிரித்தவர் நண்பரின் மனைவி. "இந்தத் தம்பிக்கு நான்தான் ரெண்டாவது தடவ பாயசம் ஊத்தினேன்." இளையவள் சிரித்தாள், என் மனைவி சிரித்தார், நண்பரும் சோபாவில் சாய்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். "யோவ், உன் வண்டி இத்தன வருஷத்துல எனக்கு ஒரு காசு குடுக்கல. ஒரு ஆளையாவது கொண்டாந்து எறக்கிச்சே."

நட்பு மீண்டது என்று நானும் சிரித்தேன். அப்போதுதான் அவர் சிரிப்பு மெல்ல அடங்கிற்று. படத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுக் கைப்பேசியை மகளிடம் நீட்டினார்.

"அப்போ நீ வரவே இல்ல."

அவர் மனைவிதான் சொன்னார். "தாரை வார்க்கும்போது இவருக்குக் கை நடுங்குச்சுண்ணே. சொம்பப் புடிக்க முடியல. 'வாசல்ல அவன் வண்டி நிக்குது, வந்துட்டான், மேல ஏறி வருவான்'னு என் காதுல சொன்னாரு. அப்பறம்தான் நடுக்கம் நின்னுச்சு. பந்திக்கும் நீங்க வரலன்ன பிறகுதான் கோவம்."

பேருந்தில் வரும்போது நான் உள்ளத்தில் அடுக்கி வந்த சொற்கள் அனைத்தும், வந்தும் மேலே ஏறாமல் போனேன் என்ற குற்றச்சாட்டுக்கானவை. வரவே இல்லை என்பதற்கு என்னிடம் ஒரு சொல்லும் இல்லை. அது உண்மையாகவும் இருந்தது. அதை உண்மையென்று நிலைநாட்டத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தேன்.

"இவர இங்க விட்டுட்டு நான் மட்டும் போயிருக்கலாம்ணே" என்றார் என் மனைவி.

"அதெல்லாம் இல்லம்மா. தங்கச்சி வீட்டுக்காரர் இல்லாம அறுபதாம் கல்யாணமா?" நண்பர் எழுந்து பழத்தட்டை இரு கைகளாலும் வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்தார். "சின்னவளுக்கு நாள் பாக்கும்போது, மொதல்ல உன்கிட்ட கேட்டுட்டுத்தான் ஐயர்கிட்டயே போவேன். சொல்லிட்டேன்."

"மொதல்ல என்கிட்ட கேளுங்கப்பா" என்றாள் இளையவள்.

உண்ட பிறகுதான் எங்களை விட்டார்கள். நண்பர் பேருந்து நிறுத்தம் வரை உடன் வந்து, திருச்சி விழாவைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்தார். யார் யார் வந்தார்கள், மச்சான் மாலை மாற்றும்போது வெட்கப்பட்டாரா, சாம்பார் எப்படி. எங்கள் பேருந்து வந்தது. நான் இனிப்பு வகைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பேருந்தை விட்டுவிட்டோம். அடுத்ததும் வந்து போயிற்று. மனைவி நிறுத்தத்து இருக்கையில் அமர்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை நீட்டிக்கொண்டார்.