மச்சானின் வயதுக்காரர்கள் ஏழு பேர்

இறைவன் அனுப்பி வந்து, அவன் அழைத்தபோது திரும்பிச் சென்ற என் அக்காவின் ஆண்டு ஃபாத்திஹாவுக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் தங்கை நான் இதை எழுதுகிறேன்.

அக்கா பூந்தமல்லியில் பிறந்தார்கள். அத்தா சேர்த்து வைத்திருந்த அரபுத்தமிழ் கிதாபுகளை முழுதாக ஓதியவர் எங்கள் வீட்டில் அக்கா ஒருவர்தான். பதினேழு வயதில் நிக்காஹ். மூன்றாம் மாதம் மச்சான் ரங்கூனுக்குக் கப்பலேறினார். இரண்டு கடிதங்கள் வந்தன. பிறகு ஆறு வருடம் ஒரு தகவலும் இல்லை.

அக்காவின் மாமியார் தினமும் பகலில் மகனுக்கும் சேர்த்துச் சோறு போடுவார். "வெயில்ல வந்துகினு கீறான், கொஞ்சம் பொறு" என்பார். அந்தத் தட்டை எடுக்கும்வரை அக்கா சாப்பிட முடியாது. ஒருநாள் நான் போனபோது, ஆளில்லாத தட்டுக்கு எதிரே உட்கார்ந்து மாமியார் விசிறிக் கொண்டிருந்தார்.

அக்கா அந்த நிக்காஹிலிருந்து தன்னை விடுவிக்கச் சொல்லி சர்க்காருக்கு மனு எழுதினார்கள். "இது உங்க ஜனங்க வழக்கம், தொரை இதுல கை வெக்க மாட்டாரு" என்று குமாஸ்தா திருப்பித் தந்துவிட்டார். பிறகு அத்தாவோடு பள்ளிவாசல் ஹஜரத்திடம் போய், திரைக்கு இப்பாலிருந்து கேட்டார்கள்.

"உன் புருஷன் வயசு ஆளுங்க ஊர்ல ஒருத்தர்கூட இல்லாம மௌத்தாவணும்மா. அப்பதான் அவரும் செத்துட்டாருன்னு கணக்கு. அதுவரைக்கும் நீ அவரு பொஞ்சாதிதான்."

"யார் யாரு ஹஜரத் அவர் வயசு?"

ஹஜரத் விரல் விட்டு ஏழு பேரைச் சொன்னார்.

"நாலு வருஷம் காத்திருந்தா போதும்னு மதீனத்து இமாம் ஒருத்தர் சொன்னதா கிதாபுல கீதே?"

"அது அந்த ஊருக்கு. நம்ம ஊருக்கு ஒத்து வராது."

"மதீனத்துப் பேரீச்சம்பழம் மட்டும் ஒத்து வருதே, ஹஜரத்?"

அத்தா அக்காவைக் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்.

அதன்பின் அந்த ஏழு பேரில் யார் தெருவில் போனாலும் அக்காவின் பார்வை ஜன்னலிலிருந்து அவர் பின்னே போகும். "பாக்கக் கூடாதுன்னுதான் நெனைக்கிறேன். கண்ணு போவுதுடி" என்று என்னிடம் அழுதார்கள்.

அவர்களில் முதலில் அத்தர் வியாபாரி காலராவில் மௌத்தானார். அன்று பிற்பகல் எங்கள் ஜன்னலோரம் அத்தர் மணம் மெல்லக் கடந்து போயிற்று. வழக்கம்போல் அவர் போகிறார் என்றே இருவரும் நினைத்தோம். காலையிலேயே உயிர் பிரிந்துவிட்டதென்று பிறகுதான் தெரிந்தது. இன்றுவரை எனக்கு அது விளங்கவில்லை.

இரண்டு மாதத்தில் ரொட்டிக் கிடங்குக்காரர் கிணற்றில் விழுந்து இறந்தார். அவர் மனைவி எங்கள் வாசலில் நின்று, "இன்னும் அஞ்சு பேரு கீறாங்க, நல்லா பாத்துக்கோ!" என்று கத்தினார். அதற்குப் பின் பட்டப்பகலில் எங்கள் தெரு வெறிச்சோடியது. அந்த ஐவரும் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

ஒரு ஜும்ஆ தொழுகை முடிந்ததும் ஐவரும் ஹஜரத்திடம் போனார்கள். "வேற வழி ஒண்ணு கீதாமே? அத்தப் பாருங்க" என்றார்கள். ஹஜரத் வேலூர் மதரஸாப் பெரியவர்களுக்கு எழுதிக் கேட்டார். கதியற்ற நிலையில் அந்த மதீனத்து இமாமின் சொல்லை நம்மவர்களும் ஏற்கலாம் என்று பதில் வந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு மடித்துத் தன் பெட்டியில் வைத்தார்கள்.

"நான் கேட்டப்ப இல்லாத வழி, அவங்க பயந்தப்ப வந்துடுச்சு" என்றார்கள்.

அக்கா கைம்பெண்ணைப் போல் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்து, ஆவடியில் தையல் கடை வைத்திருந்தவரை மணந்தார்கள். பதினோரு வருடம் நல்ல வாழ்வு. முந்தைய மாமியாரையும் கைவிடவில்லை. அவர் கண் மூடும்வரை வாரமொரு நாள் போய், ஆளில்லாத அந்தத் தட்டுக்கும் தன் கையாலேயே சோறு போட்டார்கள்.

சென்ற ஆண்டு விஷக் காய்ச்சலில் படுத்தார்கள். அப்போது வேப்பம்பட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் கணவனும் பினாங்கு போய்த் தகவல் இல்லை. அக்கா எழுந்து உட்கார முடியாமல், படுத்தபடியே வேலூர்க் கடிதத்தை வரிவரியாகச் சொல்ல, நான் பெயர்த்து எழுதிக் கொடுத்தேன். மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன் அக்கா போய்விட்டார்கள்.

மருந்து கொடுத்த வைத்தியருக்கும், குளிப்பாட்டிய பெண்களுக்கும், பூந்தமல்லி வரை சந்தூக்கைச் சுமந்தவர்களுக்கும், கடைசிவரை கால் பிடித்துவிட்ட ஆவடி மச்சானுக்கும் எங்கள் சலாம். அந்தக் கடிதம் என்னிடம் இருக்கிறது. வேண்டிய பெண்கள் பகலில் எப்போதும் வரலாம். துணைக்கு ஆண்பிள்ளை யாரையும் அழைத்து வரத் தேவையில்லை.