கடைசி வரிசையிலிருந்து என் குரல்

1991-ல் ஒரகடம் போகிற வழியில் ஒரு சிறிய லேத் பட்டறையில் எனக்கு வேலை. ஆயுத பூஜையன்று மிஷின்களுக்குச் சந்தனம் வைத்தபின், மைக்கைப் பிடித்து மற்றவர்களைப் போலப் பேசிக்காட்டுவேன். மலையாளி டீக்கடைக்காரர், சேட்டு, கூர்க்கா, யாரையும் விட்டதில்லை. அவர்களும் சிரித்தார்களா என்று பார்த்ததுமில்லை.

அந்த வருடம் புது ஐட்டம், இலங்கைத் தமிழ். மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்திருந்தது. அதன்பின் அந்தப் பேச்சு காதில் விழுந்தாலே போலீசுக்குச் சொல்லிவிடுகிற அளவுக்குப் பயம். பயத்தைக் கிண்டல் செய்வது வீரம் என்று எனக்கொரு நினைப்பு.

"ஓமோம், பொறுங்கோ, இந்தா வாறன்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. வருடம் முழுக்கக் கத்துகிற மிஷின்கள் பொட்டு வைத்துக்கொண்டு ஊமையாக நின்றன. பொரி மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது. குரல் அச்சு அசல். என் தொண்டைக்குள் வேறு யாரோ உட்கார்ந்திருந்தார்.

யாரென்று அப்போதுதான் உறைத்தது. பக்கத்து லேத்காரர். ராமநாதபுரம் பக்கம் என்று சொல்லிச் சேர்ந்தவர், அதிகம் பேசமாட்டார். இரும்புச் சுருள் கையைச் சுட்டால் மட்டும் இந்தக் குரலில் முணுமுணுப்பார். எனக்கே தெரியாமல் என் காது அதைத் திருடி வைத்திருக்கிறது.

முன்வரிசையிலிருந்த சூப்பர்வைசர் எழுந்தார். "யோவ், இத்த எங்க புடிச்ச? நம்ம லைன்ல எவன்னா இப்டி பேசறானா?"

என் வீரம் முழங்காலுக்கு இறங்கித் தந்தியடித்தது. "ரே... ரேடியோ சார்." சொன்னேனே தவிர, என் கண், கட்டிப்போடாத கழுதை, நேராக அவர் உட்கார்ந்திருந்த கடைசி வரிசைக்குப் போனது. எல்லாத் தலைகளும் அதன் பின்னாலேயே திரும்பின.

அங்கிருந்து ஓர் அரை இருமல். ஜோக் சொல்லுமுன் நான் இருமுகிற அதே இருமல்.

"இன்னா வாத்யாரே, ரேடியோவ முழுங்கிட்டியா? பேட்டரி வீக்கா கீது, காலு ஆடுது பாரு! எறங்கு, பொரி நமுத்துடப் போவுது!"

பட்டறை அதிர்ந்தது. "அப்டியே உன்ன மாதிரியே பேசறான்யா!" என்று சிரித்துக்கொண்டே சூப்பர்வைசர் உட்கார்ந்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் இழுப்பு, என் மூக்கொலி, என் இருமல், ஒன்றும் பிசகவில்லை. மாதக்கணக்கில் என் பக்கத்தில் நின்று, மாட்டிக்கொள்ளாமல் பிழைக்க, என்னைப் படித்திருக்கிறார்.

பொரி வாங்கும் வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றார். "பயந்திட்டியளோ?" என்று மிக மெதுவாக, தன் சொந்தக் குரலில் கேட்டார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். எந்தக் குரல் வருமோ என்று திகிலாகி, ஒரு கை பொரியை அள்ளி வாயை அடைத்துக்கொண்டேன்.