அத்தான் கழுத்து ரிமோட்

கல்யாணத்துக்கு முன்பிருந்தே சுற்றுலாப் படகு ஓட்டுகிறவள் அவள். படகு அக்கா புருஷனுடையது. பாட்டுக்கும், ஸ்டியரிங் முன்னால் வழியும் ஆழமும் காட்டும் திரைக்கும் சேர்த்து ஒரே ரிமோட் வாங்கி வந்தார் அத்தான். பாட்டா, திரையா என்பதை ஓரத்துப் பொத்தானில் மாற்ற வேண்டும். ஓட்டுகிறவளிடம்தானே அது இருக்க வேண்டும்? அதுதான் இல்லை. ஏதோ பதக்கம் வாங்கியவர் மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டு பயணிகள் நடுவே உலாத்தினார். அந்த ஓரத்துப் பொத்தான் மட்டும் அவர் நினைவுக்கே வராது.

இன்றும் அப்படித்தான். பாட்டை மாற்றுவதாக நினைத்து அவர் அமுக்க அமுக்க, பாட்டு மாறவில்லை. அவள் முன்னால் இருந்த திரைதான் எங்கெங்கோ ஓடியது.

"அத்தான், கையை எடுங்க! மணல்திட்டு வருது, ஆழமே தெரியல!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"இரும்மா, நல்ல பாட்டா வைக்கிறேன்" என்றார் மனுஷன்.

படகு மணலில் உரசி நின்றது. அத்தனை பேர் முன்னிலையிலும் அவள்மேல் பாய்ந்தார். "கண்ணை எங்க வச்சுக்கிட்டு ஓட்டுற?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க கழுத்துலதான் தொங்குது, குனிஞ்சு பாருங்க!"

அவர் குனிந்தார். அவள் ரிமோட்டைக் கழற்றித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.