இஞ்சி யாருடையது?

நெய்யாற்றின்கரையில் ஜெர்மன் வகுப்புக்கு நான் போனது நர்ஸ் வேலைக்காக. கிடைத்ததோ ஒரு மாப்பிள்ளை! பக்கத்து பெஞ்சுக்காரர், மலையாளி. நாங்கள் பாறசாலைத் தமிழர்கள். வீட்டில் சொன்னபோது அப்பா சம்மதிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. "அந்த ஆளு வரட்டும், பேசிப் பாத்துட்டுச் சொல்லுகேன்" என்றார். 'அந்த ஆள்' என்றது மாப்பிள்ளையின் அப்பாவை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையும் அவர் அப்பாவும் வந்தார்கள். பெரியவர்கள் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மழையைப் பற்றி மட்டும் பேசினார்கள். மழையும் முடிந்துபோனது. இஞ்சிச் சாயாவை வைத்துவிட்டு உள்ளே போயிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா?

"இஞ்சிக்கு ஜெர்மன்ல இங்வர்னு பேரு. பிரெஞ்சு, இத்தாலி, ஸ்பானிஷ் எல்லாத்துலயும் இதே வார்த்தைதான் வேற வேற மாதிரி உண்டு. எல்லாமே நம்ம இஞ்சிவேர்லேருந்து போனதாம்."

"நம்மண்ணா தமிழு" என்றார் அப்பா.

"அது மலையாளமல்லே சாரே?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. "இஞ்சி கப்பல் ஏறினது எங்கட கரையிலேருந்தாக்கும்."

"கப்பல் ஏறினது அங்க இருக்கட்டும். பேரு வெச்சது நாங்களாக்கும்!"

குரல்கள் ஏறின. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, உனக்கு இது தேவையா என்று கேட்டது.

அப்போதுதான் என் தாய்மாமா சமாதானம் செய்ய வந்தார். "ரெண்டுபேரும் சண்டை போடாதிய. அது சமஸ்கிருத சிருங்கவேரமாக்கும். சிருங்கம்ணா கொம்பு. கொம்பு மாதிரி இருக்கதுனால வெச்ச பேரு."

இருவரும் ஒரே நேரத்தில் மாமா பக்கம் திரும்பினார்கள்.

"ஓய் மச்சான், நட்டது நாங்க, தின்னது நாங்க. பேரு மட்டும் வேற ஆளு வந்து வெச்சானா?" என்றார் அப்பா.

"அங்ஙனே பறஞ்ஞு கொடு சாரே!" என்று ஒத்து ஊதித் தொடையில் தட்டினார் மாப்பிள்ளையின் அப்பா.

அதன்பிறகு மாமாவுக்கு நிம்மதியில்லை. ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் பிடித்துக்கொண்டார். பாவம், மாமா கையிலிருந்த முறுக்கைக்கூடக் கடிக்கவில்லை. அப்பாக்கள் இருவரின் நாற்காலிகளும் எப்போது பக்கத்தில் பக்கத்தில் வந்தன என்று நான் கவனிக்கவில்லை.

நான் காலி டம்ளர்களோடு உள்ளே போனதும் அப்பா சமையலறைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"மக்கா, உன் மாமனாருக்கு இன்னொரு சாயா கொண்டா. இஞ்சி நல்லாத் தட்டிப் போடு!"